கார்ப்பரேட்டர் வீட்டுத் தண்ணீர்

ஹைதராபாத் மாநகராட்சியில் நான் கார்ப்பரேட்டர் ஆனதற்கு ஒரே காரணம், எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதுதான். நிற்க ஆசைப்பட்டவன் என் தம்பி பத்ரி. கட்சி ஆபீசுக்கு இரண்டு வருஷம் நடையாய் நடந்து, தலைவர்கள் பிறந்தநாளுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்டி, சீட்டு கிடைக்கப்போகிற நேரத்தில் வார்டே அவன் கையை விட்டுப் போயிற்று. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் எதிர் ஃப்ளாட்டிலிருந்து வந்து என் கதவைத் தட்டினான்.

"ரமணிக்கா, நீ நில்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏ.எஸ். ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். வார்டில் பாதி வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் அடி வாங்கியவர்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே என்னை ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

பக்கத்து வார்டுகளில் பெண் கார்ப்பரேட்டர் என்றால் கையெழுத்து மட்டும் அவளுடையது, மற்றதெல்லாம் புருஷனுடையது. ஜனங்கள் அந்தப் புருஷனைத்தான் கார்ப்பரேட்டர் சாப் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று மேடையிலேயே சொல்லிக் காட்டியிருக்கிறேன். கைதட்டினார்கள். பத்ரி எல்லோரையும்விட பலமாகத் தட்டினான். என் லெட்டர்ஹெட்டும் ரப்பர் ஸ்டாம்ப்பும் அவன் மேஜை டிராயரில்தான் இருந்தன என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

எங்கள் குடியிருப்பின் பெயர் நீலசாகர் டவர்ஸ். ஹைதராபாத்தில் கடலுக்கு எங்கே போவது? எதிரே இருக்கிற நாகுலம்ம செரு என்கிற ஏரியைக் கடலாக்கிப் பெயர் வைத்து பில்டர் விற்றுவிட்டான். நூற்றிருபது ஃப்ளாட்டுகள். பாதிக்கு மேல் எங்களைப்போல் மத்திய அரசு நிறுவனங்களில் வேலை பார்த்த குடும்பங்கள், மீதி சமீபத்தில் வந்த ஐ.டி.க்காரர்கள். ஏரியின் மறுபக்கம், கரையை ஒட்டி மீனவர்களின் பஸ்தி, நாற்பது வீடுகள். அவர்கள் சங்கத்துக்குத் தலைவர் தேவராஜ். வருஷா வருஷம் மழைக்குப் பிறகு ஏரியில் மீன்குஞ்சு விட்டு, வெயில் ஏறியதும் பிடித்து விற்பார்கள். ஏரி அவர்களுக்குச் சோறு, எங்களுக்குப் பால்கனியிலிருந்து காட்சி.

கார்ப்பரேட்டர் வேலை என்னவென்று கேட்டால் கொசுமருந்து, தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நாய்க்கடி, செத்தவர் வீட்டுக்குப் போவது, பத்துக்கம்மா பண்டிகைக்கு ஏரிக்கரையில் பந்தல், பிள்ளையார் கரைக்கத் தனித்தொட்டி, வடக்கத்திக்காரர்களின் சத் பூஜைக்குப் படித்துறை சுத்தம். எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. காலை ஆறரைக்குக் கரையில் இருப்பேன். டவர்ஸ் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குத்தான் போக முடிவதில்லை. பத்ரி சங்கச் செயலாளர், அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசியில் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. ஒன்று இரண்டு இல்லை, கரை முழுக்க வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு. தேவராஜ் முழங்கால் தண்ணீரில் நின்று கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை, கத்தவில்லை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த மூலையைக் காட்டி, "அக்கடி நுஞ்சி ஒஸ்துந்தி அக்கா," என்றார். அங்கேயிருந்துதான் வருகிறது என்று. செடியை விலக்கிப் பார்த்தால் ஒரு பெரிய சிமெண்ட் குழாயின் வாய். கறுப்பாகக் கழிவுநீர் கொட்டிக்கொண்டிருந்தது.

எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு வாரத்தில் கண்டுபிடிப்பேன் என்று அங்கேயே நின்று சத்தியம் செய்தேன்.

பத்ரி பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இருபது வருஷம் டிராயிங் செக்‌ஷனில் இருந்தவன். மூன்றே நாளில் ஒரு வரைபடம் கொண்டுவந்தான். ஏரி, கரை, பஸ்தி வீடுகள் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. பஸ்தியின் சாக்கடை ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து சிவப்புக் கோடாக அந்தக் குழாய்க்குப் போயிற்று. எங்கள் டவர்ஸிலிருந்து ஒரு கோடும் ஏரிக்குப் போகவில்லை. எங்களிடம்தான் எஸ்.டி.பி. இருக்கிறதே, கழிவுநீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுகிற இயந்திரம்.

"பாவம்க்கா, அவா கழிவே அவா மீனைக் கொல்றது," என்றான் பத்ரி.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு பஸ்திக்குப் போனேன். வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து, போர்டில் கணக்குப் போடுவதுபோல விளக்கினேன். உங்கள் தொட்டியிலிருந்து போகிற குழாயை அடைத்துவிடுங்கள், இரண்டு மாதத்தில் பெரிய சாக்கடையோடு சேர்க்கிற லைன் வாங்கித்தருகிறேன், அதுவரைக்கும் நான்கு மொபைல் டாய்லெட் நிறுத்துகிறேன் என்றேன். யாரும் பேசவில்லை. பெண்கள் தேவராஜைப் பார்த்தார்கள். அவர் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மீரு செப்தே சரே அக்கா," என்றார். நீங்கள் சொன்னால் சரி. மறுநாளே அவர்களே சிமெண்ட் குழைத்து அடைத்தார்கள். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மூடிய பிறகும் மூலையில் கறுப்பாக வந்துகொண்டேதான் இருந்தது. பத்ரியைக் கேட்டேன். "குழாய்க்குள்ள பழைய சகதி இருக்குமோல்லியோ, வடிய மூணு மாசம் ஆகும்," என்றான். நம்பினேன். கணக்கு டீச்சர் நான், எட்டாவது படிக்கிற பிள்ளை அப்படிச் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். தம்பி சொன்னான், நம்பினேன்.

அந்த ஆறு வாரம் பஸ்தியில் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் கழிவறை இருந்தும் பெண்கள் விடிகாலையில் மொபைல் டாய்லெட் முன் வரிசையில் நின்றார்கள். நான்கில் இரண்டுதான் வந்திருந்தது. தேவராஜின் மனைவிக்கு முட்டிவலி, படியேற முடியாது. துணி துவைத்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளியில் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் கொட்டினார்கள். லைன் போடும் ஃபைல் இன்ஜினியர் மேஜையில் இருந்தது. நான் வாரம் இரண்டு முறை போய் நின்றேன், அது நகரவில்லை.

சங்கராந்திக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டவர்ஸ் வாசலில் கோலப்போட்டி வைத்தேன். வார்டு முழுக்கப் பெண்களைக் கூப்பிட்டிருந்தேன். தெலுங்குக்காரர்கள் தங்கள் கோலமான முக்கு போட்டார்கள், நம்மவர்கள் கோலம் போட்டார்கள், இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது மாடி ரோஸ்லின், தூத்துக்குடிப் பெண், ஐ.டி.யில் இருக்கிறாள், ஆளுயரத்துக்கு ஒரு மயில் போட்டாள். நீலப்பொடி போதாமல் மூட்டையாக வாங்கிவந்து வாளியில் கரைத்துக்கூட ஊற்றினாள். பரிசும் அவளுக்குத்தான்.

பரிசு கொடுத்து முடித்ததும் நான் கரைக்குப் போனேன். சங்கராந்தியன்று அங்கே பட்டம் விடுகிற நிகழ்ச்சி. மைக், ஷாமியானா எங்கே நிறுத்துவது என்று பார்க்கவேண்டும். தேவராஜ் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கூடவே வந்தார். ஆகாயத்தாமரை மூலைக்கு வந்தபோது அவர் நின்றார். நானும் நின்றேன்.

குழாயிலிருந்து நீலமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மயில்கழுத்து நீலம். கறுப்புக்கு நடுவே ஒரு நாடாவைப்போல வந்து, செடிகளுக்குள் புகுந்து பரவியது. அதன் பின்னாலேயே ரோஜா நிறமும் வந்தது.

தேவராஜ் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலையைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்.

"கலர்ப்பொடி வாளியெல்லாம் எங்கேம்மா கழுவினே?"

"கிளப்ஹவுஸ் பாத்ரூம்லக்கா. எல்லாரும் அங்கதான் கழுவுனோம். ஏன்க்கா, டைல்ஸ்ல கறை புடிச்சிட்டா?"

"அந்தத் தண்ணி எஸ்.டி.பி.க்குத்தானே போகும்?"

 

"எஸ்.டி.பி. எங்கக்கா ஓடுது? அது நின்னு ரெண்டு வருசம் ஆச்சில்லா. நேரா ஏரிக்குக் குழாய் போட்டாச்சே. மீட்டிங்ல பேசித்தான போட்டாங்க." குரல் தணிந்தது. "எங்க ஊர்ல கடல்ல விட்டாலாவது அலை கொண்டு போயிரும், இது ஏரி, எங்கங்க போகும்னு நான் அன்னைக்கே கேட்டேன்க்கா. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு செக்ரட்டரி சார்தான் சொன்னாரு. நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

போனை வைத்துவிட்டு நடந்தேன். கரையிலிருந்து டவர்ஸுக்குப் பத்து நிமிஷம். லிஃப்டில் ஐந்தாவது மாடிக்காரர் கோலப்போட்டி பிரமாதம் என்றார். இவருக்கும் தெரியும். வாசலில் சல்யூட் அடித்த வாட்ச்மேனுக்கும் தெரியும். ரெண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமும் ஞாபகம் வந்தது.

பத்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி மஹதி எனக்கும் தட்டு எடுத்து வைத்தாள். நான் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

"நம்ம டவர்ஸ் கழிவு எங்கேடா போறது?" என்றேன்.

பத்ரி கையை நிறுத்தவில்லை. "யார் சொன்னா?"

"யார் சொன்னாங்கறதா இப்போ விஷயம்?"

"எதுக்கு டென்ஷன் ஆறே? ஒக்காருக்கா. மிஷின் நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ண ஒரு ஃப்ளாட்டும் ஒத்துக்கலை. வேற வழியில்லாமப் போட்டோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? மொதல் ஆளா நீயே லெட்டர் எழுதுவே. தெரியாத வரைக்கும் நீ சுத்தம். தெரிஞ்சா நீயும் கூட்டு. உன்னைக் காப்பாத்தத்தான் எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணினோம்."

"எல்லாருமான்னா?"

"நூத்தியிருபது ஃப்ளாட்டும்."

நான் மஹதியைப் பார்த்தேன். அவள் குழம்புக் கரண்டியோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அந்த மேப்?"

"நான்தான் போட்டேன்."

"பஸ்தி பேரை ஏன்டா போட்டே? அவா கக்கூஸை அடைச்சுட்டு ஆறு வாரமாத் தெருவில நிக்கறாடா."

அப்போதுதான் கையைக் கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "மீன் செத்துப்போச்சு, பேப்பர்ல வந்துடுத்து. அதிகாரிகள் வந்து தோண்டறதுக்குள்ள ஏதாவது ஒரு குழாய் மூடியாகணும். நம்மளதை மூட முடியாது. நான் போயி அவாகிட்ட மூடச் சொன்னாக் கேப்பாளா? நீ சொன்னாக் கேப்பா. அதுக்குத்தானே அக்கா உன்னை நிறுத்தினோம்."

என்னைச் சுட்டது அவன் பொய் சொன்னான் என்பதுகூட இல்லை. என் இருபத்தாறு வருஷ நல்ல பேர், கொளுத்துகிற வெயிலில் நான் வீடு வீடாக ஏறி இறங்கியது, எல்லாவற்றையும் எடுத்துக் குழாயில் விட்டிருக்கிறான். நான் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட தம்பி. அவனை அறைந்திருக்கவேண்டும். அறையவில்லை. அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்.

"ஸ்டாம்ப்பைக் கொடு," என்றேன்.

"நக்கோக்கா, வேண்டாம். யோசிச்சுப் பண்ணு. அடுத்த எலெக்‌ஷன்ல நம்ம டவர்ஸ் ஓட்டு ஒண்ணுகூட விழாது உனக்கு."

"விழவேண்டாம்."

டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். நான் என் ஃப்ளாட்டுக்குப் போய் வெள்ளைத்தாளில் எழுதினேன். நீலசாகர் டவர்ஸின் கழிவுநீர் இரண்டு வருஷமாகச் சட்டவிரோதமாக நாகுலம்ம செருவில் கலக்கிறது, பஸ்தியின் குழாய்க்கு இதில் சம்பந்தமில்லை, அதை மூடச்சொன்னது என் தவறு, சங்கச் செயலாளர் மீதும் உறுப்பினர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கவேண்டும். உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. ஸ்டாம்ப் இல்லாமலே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, ஏரிப் பாதுகாப்பு அதிகாரிக்கும் கார்ப்பரேஷன் இன்ஜினியருக்கும் அனுப்பினேன். பண்டிகை முடிந்ததும் ஆய்வுக்கு வருவதாக அதிகாரி பதில் போட்டார். டவர்ஸ் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

ஜெராக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்திக்குப் போனேன். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், போகிற வழியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொந்தத் தம்பிக்கு எதிராக எந்தக் கார்ப்பரேட்டர் எழுதியிருக்கிறாள்? அவர்கள் திட்டுவார்கள், வாங்கிக்கொள்வேன். பிறகு புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

தேவராஜ் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே கடிதத்தைத் தெலுங்கில் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, எங்களுடையது, என்னை ஏமாற்றி உங்களிடம் பேசவைத்துவிட்டார்கள் என்றேன். குழாயை இப்போதே திறந்துவிடுங்கள், யார் கேட்டாலும் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

தேவராஜ் தாளை வாங்கி நான்காக மடித்தார். "இது எங்களுக்கு முதல் நாளே தெரியும் அக்கா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நாங்க மீன் பிடிக்கிறவங்க. தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு மூக்கே சொல்லிடும். எங்க வீட்டுச் சாக்கடையில சாம்பலும் மீன் கழுவின தண்ணியும்தான் இருக்கும். அந்த மூலைக் குழாயில வந்தது பெரிய வீட்டுத் தண்ணி, தரை துடைக்கிற சென்ட்டு வாசனை. நீங்க படம் கொண்டுவந்த அன்னிக்கு இவங்க எல்லாரும் எங்கிட்ட, அக்கா பொய் சொல்றாங்க, மூடக்கூடாதுன்னு சண்டை போட்டாங்க."

"பின்னே ஏன் மூடினீங்க?"

"நீங்க கார்ப்பரேட்டர். எங்க வீடு ஏரி நிலத்துல இருக்கு. பட்டா கிடையாது. தெரிஞ்சே ஒருத்தங்க நம்மகிட்ட வந்து நம்ம கழிவுன்னு படம் போட்டுச் சொல்றாங்கன்னா, மாட்டேன்னு சொன்னா அடுத்து என்ன வரும்? புல்டோசர் வரும். அதனால மூடிடுவோம்னு நான்தான் சொன்னேன்."

அன்றைக்கு வேப்பமரத்தடியில் யாரும் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சே இல்லை தேவராஜ். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. என் தம்பி எங்கிட்ட மறைச்சுட்டான். நூத்தியிருபது வீடும் சேர்ந்து மறைச்சுட்டாங்க."

தேவராஜின் மனைவி வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை பேசாதவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்குத்தான் கேட்டாள்.

"உங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா? ரெண்டு வருஷமா?"

பதில் இருந்தது. மீட்டிங்குக்குப் போகவில்லை, தம்பியை நம்பினேன், மேப்பில் கோடு இல்லை. ஒவ்வொன்றாக மனதில் சொல்லிப் பார்த்தேன். இதே பதிலை வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்கமாட்டேன்.

தேவராஜ் உள்ளே போய்க் கடப்பாரை எடுத்துவந்தார். இரண்டு பேர் கூடவே எழுந்து தொட்டிக்குப் போனார்கள். ஆறு வாரத்துக்கு முன் அவர்களே பூசிய சிமெண்ட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். உடைந்து விழுந்த துண்டுகளை எடுத்துப்போடக் குனிந்தபோது தேவராஜ் கையை நீட்டித் தடுத்தார். "நக்கோ அக்கா, புடவை பாழாயிடும், நீங்க தள்ளி நில்லுங்க," என்றார்.

தள்ளி நின்றேன். குழாய் திறந்து தண்ணீர் ஓடியதும் இன்னொரு தரம் சொன்னேன், எனக்கு நிஜமாகவே தெரியாது என்று. கெஞ்சுவதுபோலத்தான் சொன்னேன்.

கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே தேவராஜ், "அலாகே அக்கா," என்றார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். மனு கொண்டுவருகிறவர்கள் ரொம்ப நேரம் பேசும்போது, அவர்கள் சீக்கிரம் கிளம்பட்டும் என்று நான் தினமும் சொல்கிற வார்த்தை அது.